ஆறு போத்தலும் றெக்ஸ் பல்தசாரின் மூக்கும்

பாசிக்குடாப் பக்கம் ஹோட்டல் கட்டப்போகிற கொழும்புக் கொம்பனி ஒன்று, வைனை வாயில் வைத்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல ஓர் ஆளைத் தேடுகிறதாம். இந்தக் கதையை நாவற்குடாவுக்குக் கொண்டுவந்தவன் ஓட்டோக்கார றமீஸ். அவனும் நேரில் கேட்டவனல்ல. அவனுடைய மச்சினன் சீமெந்து இறக்கப் போன இடத்தில் காவல்காரன் சொல்லியிருக்கிறான். காவல்காரனுக்கு யார் சொன்னார்கள் என்பது யாருக்கும் தெரியாது. காத்தான்குடிக்குப் போய் நாவற்குடாவுக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் கதைக்குக் கையும் காலும் முளைத்து மீசையும் அரும்பியிருந்தது.

"துப்பணுமாம், மச்சான்!" ஓட்டோவை நிறுத்தியும் நிறுத்தாமலும் றமீஸ் கத்தினான். "வாய்க்குள்ள ஊத்தி, கொப்புளிச்சி, வாளிக்குள்ள துப்பணுமாம். துப்புறத்துக்குச் சம்பளமாம்! எங்கட தெருவுல வெத்தில போடுற மனிசனெல்லாம் சும்மாதானே துப்பிக்கிட்டுத் திரியிறான்?"

முற்றத்துக் கொட்டிலில் ஜன்னல் சட்டமொன்றைச் சீவிக்கொண்டிருந்த றெக்ஸ் பல்தசார் நிமிரவில்லை.

"ஆர் சொன்ன?"

"மச்சினன். அந்தக் கொம்பனி அம்மா கேட்டாவாம், மட்டக்களப்புல கப்பல்ல வைன் ஊத்தின பறங்கி ஒராள் இரிக்காராமே, அவர் எங்க எண்டு."

சீவுளி நின்றது.

"கப்பலுக்குப் போன பறங்கியன் எத்தின பேர் இரிக்கான்."

"போனவன் எத்தினையோ பேர். இஞ்சினுக்கு எண்ணெ ஊத்தினவன்தான் எல்லாரும். வைன் ஊத்தினவன் நீ ஒருத்தன்தானே? கடலுக்குத்தானே உனக்குப் பயம், போத்தலுக்கு இல்லயே. இது தரையில நிண்டு செய்யிற வேல, மச்சான். மறுகா என்ன யோசன?"

றெக்ஸ் சீவுளியைத் தள்ளினான். சீவிய இடத்தையே மறுபடி சீவினான். சட்டம் அளவுக்கு மேல் மெலிந்து வீணாய்ப் போனது. அன்று முழுக்க அவனால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்லடிப் பாலம் வரை போனான், பாலத்தில் ஏறாமலே கிறுகி வந்தான். வந்தவன் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் போனான்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு அது. வைகாசியில் யுத்தம் முடிந்திருந்தது. முடிந்தது என்று வானொலி சொன்னதே தவிர, சனத்தின் தோளும் கழுத்தும் இன்னும் இறுகித்தான் இருந்தன. யாராவது கதவைத் தட்டினால் முதலில் விளக்கை அணைத்துவிட்டுத்தான் யாரென்று கேட்டார்கள். ஆனால் பெரிய தெருவில் கொழும்பு இலக்கத் தகடுள்ள வாகனங்கள் வந்துபோகத் தொடங்கியிருந்தன. கறுப்புக் கண்ணாடிக்காரர்கள் இறங்கிக் கடலைப் பார்த்தார்கள், காணி விலை கேட்டார்கள்.

றெக்ஸ் டச்பாரில் பிறந்தவன். கடலுக்கும் வாவிக்கும் நடுவே துண்டு நிலம். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கிக் குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த இடம். தகப்பன் தச்சன், அண்ணன் ஏர்னஸ்ட் தச்சன். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குப் பிறகு, இளந்தாரி என்றால் ஆமிக்கும் இயக்கத்துக்கும் நடுவே இழுபறி என்றிருந்த காலத்தில், தெரிந்தவர் ஒருவர் மூலம் அவன் கப்பலேறினான். ஐரோப்பியத் துறைமுகங்களைச் சுற்றிவரும் உல்லாசக் கப்பல். அங்கே அவனுக்குக் கிடைத்த வேலை கிளாஸ் கழுவுவது.

மேசைகளிலிருந்து இறங்கிவரும் கிளாஸ்களில் ஒரு மிடறு, அரை மிடறு மிச்சம் இருக்கும். கழுவுவதற்கு முன் ஒவ்வொன்றுக்குள்ளும் மூக்கை விட்டுப் பார்ப்பது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. பிரான்ஸின் போர்தோ வைனுக்குள் தகப்பனின் கொட்டில் இருந்தது; பென்சில் சீவிய தூளும் சுருட்டுப் பெட்டியும் சேர்ந்த மணம். ஸ்பெயினின் றியோஹாவில் தேங்காய்ப்பூ வறுத்த வாசம். போஜொலே என்பது கிளாஸில் ஊற்றிய ஜம்புப்பழம். இத்தாலிக்காரரின் நெபியோலோ மட்டும் அவனை நெடுநாள் அலைக்கழித்தது. ரோசாப்பூவா, தாரா? ஒருநாள் பிடிபட்டது: இரண்டும்தான். தார் காய்ச்சும் தெருவில் பூச்செண்டோடு நடந்துபோகும் கல்யாண வீட்டுக்காரர்.

கழுவுகிறவன் ஊற்றுகிறவனானான். ஊற்றுகிறவன், பயணிகள் கூப்பிட்டு யோசனை கேட்கும் ஆளானான். லீவில் ஊருக்கு வந்தால், கிறிஸ்து பிறந்த நத்தார் காலத்தில் டச்பார் முழுக்க அவன் பின்னால்தான். பறங்கி வீடுகளில் நத்தாருக்கு வீட்டிலேயே வைன் போடுவார்கள். பீற்றூட்டிலும் முந்திரிகை வற்றலிலும் கராம்பு தட்டிப் போட்டுப் புளிக்க வைத்தது. வீடு வீடாகப் போகும்போது நீட்டுகிற கிளாஸை வாங்கிக் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு நல்ல வார்த்தை ஒன்று சொல்ல வேண்டும். எந்த வீட்டு வைனையும் குறை சொல்வது அங்கே வழக்கமில்லை. கப்பலில் கடுகடுத்த முகத்தோடு போத்தலைத் திருப்பி அனுப்புகிற றெக்ஸ், டச்பாரில் காடியாகிப்போன வைனுக்கும் "இந்த வருஷம் ஒரு துணிச்சலோட வந்திரிக்கு" என்பான். வீட்டுக்காரியின் முகம் மலரும். கிளாறிஸை அவன் கட்டியதும் அப்படி ஒரு நத்தாரில்தான். அவள் தாயின் வைனை அளவுக்கு மிஞ்சிப் புகழ்ந்து மாட்டிக்கொண்டான் என்று கூட்டாளிமார் சொல்லிச் சிரிப்பார்கள்.

சுனாமி வந்தது நத்தாருக்கு மறுநாள் காலை. அவன் லீவில் வந்திருந்தான். முதல்நாள் ஆட்டத்தின் அசதி தெளியாமல் வாசலில் பல் தீட்டிக்கொண்டிருந்தவனைக் கடல் வந்து தூக்கியது. வீடுகளுக்கு மேலாகக் கொண்டுபோய் வாவிக்குள் எறிந்தது. கண்டல் மரமொன்றின் வேரில் சிக்கிக் கிடந்தான். மூக்காலும் வாயாலும் உள்ளே போனது தண்ணீரல்ல. வாவியடிக் கறுப்புச் சேறு. கிளாறிஸ் தேவாலயத்துக்குப் போயிருந்ததால் தப்பினாள். அண்ணன் ஏர்னஸ்ட் தப்பவில்லை.

பிறகு வந்த நாட்களில் றெக்ஸ் அகதி முகாமிலிருந்து காய்ச்சலோடு எழுந்து பிணம் தூக்கப் போனான். தூக்கியவர்கள் எல்லோரும் மூக்கில் துணி கட்டியிருந்தார்கள். துணிக்குள் கற்பூரம், யூக்கலிப்டஸ் எண்ணெய், எது கிடைத்ததோ அது. றெக்ஸ் எதுவும் கட்டவில்லை. கண்டலுக்குள் கிடந்தவற்றையும் இறங்கித் தூக்கினான். "அவன்ட நெஞ்சு இரும்பு" என்று சனம் பேசிக்கொண்டது. அப்படிப் பேசியபோதுதான் அவன் தன்னைச் சுற்றிப் பார்த்தான். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற இடத்தில் தனக்கு ஒன்றுமே மணக்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

மூக்கின் சீழ் வற்றியது, காய்ச்சல் விட்டது. மணம் திரும்பவில்லை. டொக்டர் ஒருவர் வரும் என்றார், இன்னொருவர் பார்ப்போம் என்றார். கப்பல் ஏஜென்ட் கொழும்பிலிருந்து கூப்பிட்டு எப்போது வருகிறாய் என்று கேட்டபோது றெக்ஸின் வாயில் வந்தது வேறு வார்த்தை. "கடலைக் கண்டால் பயமாய் இருக்கிறது." அந்த வருஷம் அந்தக் கரையில் அதைவிடக் கேள்வி கேட்கப்படாத பதில் கிடையாது. ஏஜென்ட் அனுதாபப்பட்டார். ஊரும் அனுதாபப்பட்டது. பொய் அப்படியே காய்ந்து இறுகிப்போனது.

அவன் நாவற்குடாவுக்குக் குடிபெயர்ந்து, தகப்பனின் தொழிலுக்குத் திரும்பினான். நிவாரண வீடுகளுக்குக் கதவு, ஜன்னல். பிறகு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சண்டை மூண்டு, வாவிக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஷெல் பறந்த காலத்தில், ஓடிவந்த சனத்துக்குக் கொட்டில் மரம். ஷெல் அடிக்கும் அதிர்வில் அவன் பொருத்திய ஜன்னல்களே கடகடவென்று ஆடும். நத்தார் வரும். முன்னைப் போலவே கிளாஸை நீட்டுவார்கள். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி, பழைய ஞாபகத்திலிருந்து ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுப்பான். யாருக்கும் தெரியாது.

கிளாறிஸைத் தவிர. ஒருநாள் குப்பி விளக்குச் சரிந்து மண்ணெண்ணெய் பாயெல்லாம் ஊறிக்கிடக்க, அவன் பக்கத்திலேயே அமர்ந்து நெருப்புப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தான். குசினியிலிருந்து ஓடிவந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். அதைப்பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து பாலை அவனுக்கு முன் அவள் மணந்து பார்த்தாள், மீனை மணந்து பார்த்தாள். இருவருக்கும் நடுவே பேசாப் பொருளாக அந்த மூக்கு இருந்தது.

இப்போது கொம்பனி ஆள் தேடுகிறது. றமீஸின் கதைக்கு மறுவாரம் உண்மையாகவே அழைப்பு வந்தது. புளியந்தீவில் வாவியோரம் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்குக் காலையில் வரச் சொன்னார்கள்.

"போறீங்களா?" கிளாறிஸ் சேர்ட்டை மினுக்கிக்கொண்டே கேட்டாள்.

"போய்ப் பாக்கிறன்."

"எதை வெச்சிப் பாக்கப் போறீங்க?"

முதல் தடவையாக அவள் அந்தப் பேச்சின் ஓரத்தைத் தொட்டாள். றெக்ஸ் சேர்ட்டை வாங்கிக்கொண்டான்.

"நாக்கு இரிக்கு. முரசு இரிக்கு. கண் இரிக்கு."

அது வெறும் வீம்பல்ல. துவர்ப்பை மூக்கு பிடிப்பதில்லை, பல்லின் முரசுதான், அதாவது ஈறுதான் பிடிக்கும். புளிப்பு நாக்கின் ஓரத்தில் தெரியும். வெறியேற்றும் சாரம் எவ்வளவு என்று தொண்டைச் சூடு சொல்லும். நிறம் வயதைச் சொல்லும். நான்கு சாட்சிகளை வைத்து ஐந்தாவது சாட்சி என்ன சொல்லியிருக்கும் என்று ஊகிக்க முடியாதா? அந்த வாரம் முழுக்க அவன் வாழைக்காய்த் தோலையும் பாக்கையும் கடும் தேயிலைச் சாயத்தையும் வாயில் வைத்து வைத்துத் துப்பிக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தான். பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன கா கிளாறிஸ், உன்ட மனிசனுக்குப் பல்லுக் கொதியா?" என்று கேட்டாள்.

கொம்பனி வீட்டில் அவனை வரவேற்றவள் டெனீஸ் என்ற கொழும்புப் பெண். ஐம்பதை நெருங்கியவள், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். அவளும் பறங்கிதான், ஆனால் தமிழ் தெரியாது. பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது.

"உங்களிடம் ஒளிப்பதற்கில்லை, மிஸ்டர் பல்தசார்," என்றாள். "நான் கணக்குப் பக்கத்து ஆள். வைனின் விலை தெரியும், ருசி தெரியாது. எனக்கு எல்லாம் ஒன்றுதான். நாளை மாலை முதலாளிமார் வருகிறார்கள், வெளிநாட்டுப் பங்காளிகளும் வருகிறார்கள். நண்டு, மாட்டிறைச்சி. ஒரு சிவப்பு வைன் ஊற்ற வேண்டும். இந்த ஆறில் எது என்று நீங்கள் சொல்லுங்கள். பரீட்சையும் அதுதான், வேலையும் அதுதான். பிழையாகிப்போனால் உங்களுக்கு முன் நான் வீட்டுக்குப் போக வேண்டும்."

மேசையில் ஆறு போத்தல்கள், கழுத்து வரை மண்ணிறக் கடதாசி சுற்றியிருந்தன. பக்கத்தில் துப்புவதற்கு வாளி. றமீஸ் சொன்னதில் அது மட்டும் அச்சொட்டாக உண்மை.

றெக்ஸ் முதல் கிளாஸை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சரித்தான். ஊதா கலந்த இளஞ்சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனான். வெறும் காற்று. வாயில் ஊற்றினான். முரசில் பிடிப்பே இல்லை, ஓரத்தில் துள்ளும் புளிப்பு. துப்பினான்.

"போஜொலே. சின்னப்பிள்ளைத்தனமான வைன். பழ மணம் முன்னால் ஓடி வரும்," என்றான். மணத்தைப்பற்றிச் சொன்னபோது குரல் தடுமாறவில்லை. அதுதான் அவனையே பயப்படுத்தியது.

இரண்டாவது வழவழவென்று இறங்கியது. றியோஹாவாகத்தான் இருக்க வேண்டும், வறுத்த தேங்காய்ப்பூவைப்பற்றிச் சொன்னான். மூன்றாவது நிறத்தில் ஏமாற்றுகிறது. வெளிறிக் கிடக்கிறது, ஆனால் வாயில் வைத்ததும் பச்சைப் பாக்கைக் கடித்தது போல முரசைக் கவ்விப் பிடிக்கிறது. நெபியோலோ! அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ரோசாவையும் தாரையும் அவன் சொல்லச் சொல்ல டெனீஸ் தன் கிளாஸுக்குள் மூக்கை விட்டுப் பார்த்து, "ஓ, இருக்கலாம், இருக்கலாம்," என்றாள். றெக்ஸுக்குத் தேகமெல்லாம் வியர்த்திருந்தது. ஆனால் நாக்கு ஓடத் தொடங்கிவிட்டது, நிறுத்த முடியவில்லை.

நான்காவது ஆழ்ந்த சிவப்பு, விளிம்பில் செங்கல் நிறம். துவர்ப்பு கன்னத்தின் இரு பக்கமும் ஒழுங்காக உட்கார்ந்தது. போர்தோ. அதில் ஐயமில்லை. ஆனால் ஏதோ ஒன்று குறைந்தது. வாய்க்குள் வந்த வைன் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிப் போன ஆள் மாதிரிக் காணாமல் போனது. மறுபடி ஒரு மிடறு. மறுபடியும் அதே வெறுமை. இது வைனின் குறையா, தன் குறையா? மற்றவை எல்லாம் மூக்கில்லாமலே பேசினவே, இது ஏன் வாயைத் திறக்கவில்லை?

டெனீஸ் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பெண் கிளாஸை நீட்டிவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். டச்பாரில் வளர்ந்த நாக்குக்கு அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அது அவனைக் கேட்காமலே செய்தது.

"இது அடக்கமான வைன்," என்றான் றெக்ஸ். "சத்தம் போடாது. சாப்பாட்டுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கும்."

"அடக்கமான வைன்!" டெனீஸ் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "முதலாளியிடம் இதே வார்த்தையைச் சொல்லப் போகிறேன்."

கடதாசிகளைக் கிழித்தபோது ஆறில் ஐந்து சரியாக இருந்தது. கடைசிப் போத்தலை மட்டும் போர்த்துக்கல் என்பதற்குப் பதிலாகத் தெற்கு இத்தாலி என்றிருந்தான். "போர்த்துக்கீசர் உங்களை மன்னிப்பார்கள்," என்று சிரித்த டெனீஸ் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வேலை அவனுக்குத்தான். நான்காவதின் பெட்டியைத்தான் நாளைக்கு ஊற்றப் போகிறாள். திறந்த அந்தப் போத்தலைக் கோர்க்குத் தக்கையை அமுக்கி மூடி அவன் கையில் கொடுத்தாள். "மனைவிக்கு."

பாலத்தடிச் சோதனைச் சாவடியில் றமீஸின் ஓட்டோவை மறித்தார்கள். சிப்பாய் பையைத் திறந்து, போத்தலைத் திறந்து, மணந்து பார்த்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு உடனே திருப்பிக் கொடுத்தான்.

"ஆமிக்காரனுக்கு ஐரோப்பா புடிக்கல்ல," என்றான் றமீஸ், பாலத்தில் ஏறியதும். "நம்மட ஆளுக்குச் சாராயம்தான் சரி. ஏன் மச்சான் பேசாம இரிக்காய்? வேல கிடைச்சிட்டுத்தானே? துப்புறத்துக்குச் சம்பளம் வாங்கப் போற முதல் மட்டக்களப்பான் நீதான். எனக்கும் ஒரு இடம் பாத்துச் சொல்லு, விழுங்காம துப்பினா ஹறாமா இல்லயா எண்டு ஆலிமிட்டக் கேட்டுட்டு வாறன்."

றெக்ஸ் சிரிக்க முயன்றான். சிப்பாயின் சுளித்த முகம் அவன் கண்ணைவிட்டுப் போகவில்லை. சாராயம் குடிக்கிறவன் வைனை மணந்தால் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

கிளாறிஸுக்கு விஷயத்தைச் சொன்னதும் அவள் குருசு போட்டுக்கொண்டாள். அலுமாரியிலிருந்து நல்ல கிளாஸை எடுத்துத் துடைத்து, கொஞ்சம் ஊற்றி, உதட்டருகே கொண்டுபோனாள். கை அப்படியே நின்றது.

"றெக்ஸ், இந்த வைன் இப்பிடித்தான் மணக்குமா?"

"எப்பிடி?"

"இல்ல… எனக்கு என்ன தெரியும். பெரிய ஆக்கள் குடிக்கிறது."

"எப்பிடி மணக்குது எண்டு சொல்லு, கிளாறிஸ்."

அவள் மறுபடி மணந்தாள். "சாக்கு. மாரி வெள்ளத்துல நனைஞ்ச நெல்லுச் சாக்கு. மூலைக்குள்ள கிடந்து பூஞ்சணம் புடிச்ச மாதிரி. வைன் மணமே இல்ல."

றெக்ஸ் கதிரையைத் தேடி அமர்ந்தான். கோர்க் கெட்டுப்போன வைன். கோர்க்கில் பிடித்த பூஞ்சணம் வைனின் மணத்தையெல்லாம் தின்றுவிட்டுத் தன் ஈர நாற்றத்தை விட்டுவைக்கும். கப்பலில் இதைப் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அடுத்த மேசையில் கோர்க்கை இழுக்கும்போதே திரும்பிப் பார்த்து வேண்டாமென்று தலையாட்டுவான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கிளாஸ் கழுவுகிறவனுக்கே தெரிகிற குறை. இதற்குத்தான் அவன் அடக்கம் என்று பேர் வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

"மத்தப் போத்தலெல்லாம் நல்லாயிரிக்கலாம்தானே?" அவன் சொல்லி முடித்ததும் கிளாறிஸ் கேட்டாள்.

"இரிக்கலாம். ஒண்டுதான் கெட்டிரிக்கும். இல்லாட்டி பெட்டி முழுக்கக் கெட்டிரிக்கும். மணந்து பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப பேசாம இரிங்க. நாளைக்கு நானும் வாறன். கிளாஸ் துடைக்கிறவள் எண்டு சொல்லுங்க. ஒவ்வொரு போத்தலா மணந்து பாக்கிறன். நல்லதெண்டா இருமுறன், கெட்டதெண்டா தும்முறன்."

றெக்ஸுக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். இருவரும் கொஞ்ச நேரம் அந்தக் காட்சியை நினைத்து நினைத்துச் சிரித்தார்கள். பிறகு அவன் எழுந்து நடக்கத் தொடங்கினான். மேசையிலிருந்து வாசல், வாசலிலிருந்து மேசை.

"நாளைக்குத் தும்முவாய். நாளையிண்டைக்கு? உனக்குத் தடிமன் வந்தா நான் லீவு போடவா? அந்த மனிசி என்னை நம்பித்தான் இரிக்கா, கிளாறிஸ். தனக்கு ஒண்டும் தெரியாதெண்டு வெட்கமில்லாமச் சொல்லிட்டா. நான் தெரிஞ்சவன் மாதிரி நிண்டு அளந்துட்டு வந்திரிக்கன். இதைப் புடிக்கத்தான் எனக்கு அந்த வேல. இதைத்தான் நான் விட்டுட்டு வந்த."

"சொன்னா வேல போயிடும்."

"போயிடும்."

"மறுகா ஜன்னல் சட்டம்தான்."

"ஓம்."

"அந்தப் பொம்பிளைக்கு என்ன காரணம் சொல்லப் போறீங்க? தடிமன் எண்டா? காய்ச்சல் எண்டா?"

அவன் நடையை நிறுத்தினான். மூக்கடைக்கும் தடிமன் நல்ல காரணம். அதை அவன் ஏற்கெனவே நினைத்து வைத்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்தே அவள் அதைக் கண்டுகொண்டாள்.

"கடலுக்குப் பயந்தவன்ட பொஞ்சாதி," என்றாள் கிளாறிஸ், அமைதியாக. "சந்தையில, கோயில்ல, எல்லா இடத்திலயும் பாவம் எண்டு பாப்பாங்க. கேட்டுக்கிட்டு நிப்பன். எனக்குத் தெரியும், இந்த மனிசன் கடலுக்குப் பயந்தவன் இல்ல. சொல்ல வாய் வராது."

"பிணம் தூக்கினதுக்கும் நெஞ்சு இரும்பு எண்டாங்க," என்றான் றெக்ஸ். சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. "இரும்புமில்ல, ஒண்டுமில்ல. எனக்கு மணக்கல்ல, கிளாறிஸ். அண்ணனைத் தூக்கக்குள்ளயும் மணக்கல்ல."

"தெரியும்."

"மண்ணெண்ணெ ஊத்துண்ட அண்டைக்குத்தானே?"

"இல்ல. பிணம் தூக்கிட்டு வந்த முதல் நாளே. கை கழுவாம வந்து சோத்துக் கோப்பைக்குள்ள கை வெச்சீங்க. எல்லாரும் எழும்பிப் போயிட்டாங்க. நீங்க ஏன் எழும்பிறாங்க எண்டு பாத்துக்கிட்டு இருந்தீங்க."

அவன் அவளைப் பார்த்தான். அந்த முகாமில், அந்தப் பாயில், எல்லோரும் எழுந்துபோன பிறகும் அவள் மட்டும் எதிரில் அமர்ந்து தன் பங்கைச் சாப்பிட்டு முடித்தது ஞாபகம் வந்தது. அப்போது அது பசி என்று நினைத்திருந்தான்.

கிளாறிஸ் எழுந்து மேசையிலிருந்த கைத்தொலைபேசியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"சொல்றதெண்டா இப்ப சொல்லுங்க. தடிமன், பயம், ஒண்டும் வேணாம். மூக்குப் போயிட்டு எண்டு சொல்லுங்க. என்ட காது கேக்கச் சொல்லுங்க. வேல போனாப் போகட்டும்."

வெளியே பொழுது மங்கத் தொடங்கியிருந்தது. றெக்ஸ் டெனீஸின் இலக்கத்தை அழுத்தினான். சொல்ல வேண்டிய ஆங்கில வார்த்தைகளை உதட்டுக்குள் அடுக்கிப் பார்த்தான். மேடம், அந்த நான்காவது போத்தல் கெட்டுப்போனது. மேடம், எனக்கு அது தெரியவில்லை, ஏனென்றால். ஏனென்றால் என்பதற்குப் பிறகு வர வேண்டிய வசனத்தை அவன் வாழ்க்கையில் எந்தப் பாஷையிலும் அந்நிய ஆளிடம் சொன்னதில்லை.

மறுமுனையில் மணி போய்க்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை. தானாக அறுந்தது.

"சாப்பிடப் போயிருப்பா," என்றான், தொலைபேசியை மேசையில் வைக்கப் போனபடி.

"திரும்ப எடுங்க," என்றாள் கிளாறிஸ்.

திரும்ப அழுத்தினான். முற்றத்துக்கு இறங்கினான், கொட்டிலடி வரை போனான், மரத்தூளை மிதித்துக்கொண்டு நின்றான். கிளாறிஸ் வாசலுக்கு வந்து, கேட்கிற தூரத்தில் நின்றுகொண்டாள். அவன் வாய் முதல் வார்த்தைக்காகத் திறந்தபடி இருந்தது. மணி போய்க்கொண்டே இருந்தது.